வண்டிக்குக் காப்பு

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் நம்மை அணுகியபோது, சீறாப்புராணத்தின் நாட்டுப் படலம் குறித்தோ, நம் எம்.ஃபில். ஆய்வுப் பொருள் குறித்தோ எழுதித் தருவோம் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். நாமும் அவ்வாறே எண்ணித் தாளை எடுத்து வைத்தோம். ஆயின், சில ஆண்டுகளாக நம் நெஞ்சில் முள்ளாய்த் தைத்துக் கிடக்கும் செய்தி வேறொன்று. அது ஒரு மோட்டார் சைக்கிளுக்கு நாம் பூட்டிய பொருள்களைப் பற்றியது. பூட்டியவற்றைக் காட்டிலும், கழற்றிய ஒன்றைப் பற்றியது. மலருக்கு இது ஏற்ற பொருளா எனத் துறைத் தலைவரிடம் கேட்டோம். "வண்டியில் வராத மாணவர் நம் கல்லூரியில் எத்தனை பேர்? எழுதுங்கள்" என்றார்.

காப்பு என்னும் சொல்லைத் தமிழ் மாணவர் முதலாண்டிலேயே அறிவர். நூல் இடையூறின்றி நிறைவுற வேண்டி முதலில் பாடுவது காப்புச் செய்யுள். கையில் அணியும் வளையும் காப்பே. பட்டறைக்காரர்கள் 'கார்டு' என்று சொல்வதும் அதுவே. இந்த மூன்றாவது காப்பில்தான் நாம் பேராவல் கொண்டோம்.

அவ்வண்டி நமது சொந்த வண்டியன்று. நம் துணைவியாரின் இளவல் 2019இல் வாங்கிய ராயல் என்பீல்டு ஹிமாலயன். 2022இல் அவர் தம்மாம் நகருக்கு வேலைக்குப் புறப்பட்டபோது, "மச்சான், சும்மா நிறுத்தி வச்சா பேட்டரி போயிரும்; நீங்களே ஓட்டுங்க" என்று சாவியை நம் கையில் வைத்துவிட்டுப் போனார். அதுவரை நூறு சி.சி. வண்டியில் கல்லூரிக்கும் கடைத்தெருவுக்கும் போய்வந்த நமக்கு, அது ஆட்டுக்குட்டி மேய்த்தவன் கையில் யானையைக் கொடுத்த கதையாயிற்று. 411 சி.சி. எந்திரம், முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 17 அங்குலம், தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் இடைவெளி 220 மில்லிமீட்டர், இருக்கையின் உயரம் 800 மில்லிமீட்டர், எடையோ 200 கிலோவை நெருங்கும். நமது உயரம் ஐந்தடி நாலங்குலம். நிறுத்தத்தில் இரு காலையும் ஊன்றினால் குதிகால் தரையைத் தொடாது.

அட்வெஞ்சர் வண்டி என்று இளைஞர்கள் அழைக்கும் இவ்வகைக்கு, 1980இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் வெளியிட்ட ஆர் 80 ஜி/எஸ் வண்டியை முன்னோடி என்பர். ஜி/எஸ் என்னும் எழுத்துகள் காட்டுத்தரை, சாலை இரண்டிற்கும் உரியது என்பதைக் குறிப்பன. அதற்கடுத்த ஆண்டே பாரிஸ் - டக்கார் பாலைவனப் போட்டியில் அவ்வண்டி வென்றது. சென்னையை அடுத்த ஒரகடத்தில் ஆலை வைத்திருக்கும் ராயல் என்பீல்டு நிறுவனம் அவ்வகையில் ஒன்றை 2016இல் ஹிமாலயன் என்ற பெயரில் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் 452 சி.சி. எந்திரத்துடன் அதன் புதிய வடிவும் வந்தது. பெயர் இமயமாயினும் நாம் அதனை ஓட்டியது கரிசல் காட்டில். விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கத்து ஊர்களில் ஒப்பாரிப் பாடல்களையும் தாலாட்டுகளையும் தொகுக்கும் பணி ஒன்று நமக்கு உண்டு. பேருந்து நிற்குமிடத்திலிருந்து அவ்வூர்களுக்கு நான்கைந்து கிலோமீட்டர் வண்டிப்பாதை. இருமருங்கும் சீமைக் கருவேலம். இந்த வண்டி அதற்கென்றே செய்தது போலிருந்தது.

முதல் மாதத்திலேயே கல்லூரி வாயிலில், சரளைக்கல் கொட்டியிருந்த இடத்தில், வண்டி நின்ற நிலையிலேயே இடப்பக்கம் சாய்ந்தது. நாமும் சாய்ந்தோம். இலக்கணம் இரண்டாம் தாளுக்குக் காத்திருந்த மாணவர் அறுவர் ஓடிவந்து வண்டியை முதலிலும் நம்மைப் பின்னரும் தூக்கினர். கிளட்ச் லீவர் ஒடிந்தது. டேங்கில் ஒரு கோடு விழுந்தது. இளவலின் வண்டியாயிற்றே என்ற அச்சம் அன்று இரவு நம்மை உறங்கவிடவில்லை. வண்டிக்குக் காப்பிட வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் பிறந்தது.

சங்க காலத்து உமணர்கள் உப்பு வண்டியில் நெடுவழி செல்லும்போது, அச்சு முறிந்தால் மாற்றுவதற்கென்று வேறோர் அச்சை வண்டிக்கு அடியில் கட்டிச் சென்றதைப் புறநானூற்றின் 102ஆம் பாடல் காட்டுகிறது. சேம அச்சு என்பது அதன் பெயர். மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று யார் அறிவார் என்பதே அம்முன்னேற்பாட்டின் காரணம். கடைக்காரரிடம் பேரம் பேசும்போதெல்லாம் இப்பாடலை நினைத்துக்கொள்வோம். செலவுக்கு இலக்கியச் சான்று கிடைத்துவிட்டால் தமிழாசிரியனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்!

முதலில் கிராஷ் கார்டு. இதைப் பற்றிச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். நம் மாணவர் பலர் இதனை அழகுக்காக வாங்குகின்றனர். வண்டி சாயும்போது தரையை முதலில் தொடுவது இந்தக் குழாயாக இருக்க வேண்டும். எந்திரத்தின் பக்கமும் டேங்கும் தொடக்கூடாது. அடியில் கால் நசுங்காதபடி ஓர் இடைவெளியையும் அது தர வேண்டும். ஆகவே வண்டிச் சட்டத்தின் வலுவான இடங்களில், ஒன்றுக்கு மேற்பட்ட போல்ட்டுகளால் அது பிணைக்கப்பட்டிருத்தல் வேண்டும். ஒரே போல்ட்டில் தொங்கும் குழாய், விழும்போது சுழன்று எந்திரத்தையே குத்தும். தகாத இடத்தில் பூட்டினாலோ, குழாய் வாங்கும் அடி சட்டத்துக்குப் போய்ச் சட்டமே வளையும். குழாய் வளைந்தால் இருநூறு ரூபாயில் நிமிர்த்தலாம். சட்டம் வளைந்தால் வண்டியை மறந்துவிட வேண்டியதுதான். அதுபோக, இது நின்ற வண்டி சாய்வதற்கும் மெல்ல வழுக்குவதற்கும் உரிய காப்பு. எழுபது கிலோமீட்டர் வேகத்தில் லாரியில் மோதுபவரை எந்தக் குழாயும் காப்பாற்றாது.

அடுத்தது ஹேண்ட் கார்டு. வெறும் பிளாஸ்டிக்கில் ஒன்று, உள்ளே அலுமினியப் பட்டை வைத்து ஹேண்டில்பாரின் நுனியில் திருகுவது மற்றொன்று. முன்னது காற்றுக்கும் தூறலுக்கும் போதும். வண்டி விழும்போது லீவரைக் காப்பது பின்னதுதான். கருவேலங்கிளைகள் விரலைக் கிழிக்கும் பாதையில் அதன் அருமையை நாம் நன்கறிந்தோம். அடிப்பகுதியில் கல் தெறித்து எந்திரம் உடையாமலிருக்கச் சம்ப் கார்டு வண்டியோடே வந்திருந்தது. மழை பெய்த கரிசலில் ஓட்டிவிட்டு வந்தால் அதில் ஒரு கூடை மண் தேங்கும். கழுவாவிட்டால் ஏதோ புதிய ஊர்தி போல் மண்வாசனையுடன் நகரும்.

கூடுதல் விளக்குகளையும் பூட்டினோம். இவற்றை நேரே வண்டியின் கம்பியில் முறுக்கிவிடும் பட்டறைகள் உண்டு. ரிலேயும் தனி பியூசும் இல்லாமல் பூட்டினால் கம்பி சூடேறி உருகும். நாம் பியூஸ் வைத்தே பூட்டச் சொன்னோம். ஆனால், எதிரே வந்த முதியவர் ஒருவர் சைக்கிளை நிறுத்திக் கண்ணைப் பொத்திக்கொண்டதைக் கண்டபின், ஊருக்குள் அவற்றை எரியவிடுவதில்லை.

இருக்கை வசதிக்கு நாம் அலைந்த அலைச்சல் தனிக் கதை. நாற்பதைக் கடந்த முதுகெலும்பு இரண்டு மணி நேரத்தில் தன் மறுப்பைத் தெரிவித்துவிடும். காற்றடைத்த மெத்தை ஒன்றை வாங்கி, பந்து போல் இறுக ஊதி அமர்ந்தோம். வளைவுகளில் படகில் இருப்பது போலாயிற்று. பாதிக் காற்றை வெளியேற்றி, எலும்பு இருக்கையைத் தொடாத அளவு மட்டும் விட்டபோதே சுகம் தெரிந்தது. ஹேண்டில்பாரை ஓர் அங்குலம் உயர்த்தியதில் தோள்வலி நீங்கியது. உயர்த்தியபின் இருபுறமும் முழுதாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். கம்பி இழுபட்டால், வண்டியைத் திருப்பும்போதே எந்திரம் தானாக உறுமும். உயரமான விண்ட்ஷீல்டு பூட்டினால் காற்று நின்றுவிடும் என்றனர். அதன் விளிம்பில் ஏறிய காற்று நேரே தலைக்கவசத்தில் வந்து அறைந்தது; பழையதையே மாட்டினோம். இத்தனைக்கும் பிறகு, பைசா செலவில்லாத ஒன்றை வயதான மெக்கானிக் ஒருவர் காட்டினார். பின்னால் ஆள் ஏறும்போது பின் ஷாக் அப்சார்பரின் சுருளை, கொக்கி ஸ்பேனரால் ஓரிரு படி இறுக்கிவிட வேண்டும். அதுவரை வண்டி பள்ளத்தில் இடித்ததற்கு நாம் சாலையைத்தான் வைதுகொண்டிருந்தோம்.

ஆக, முப்பத்தெட்டாயிரம் ரூபாய் செலவாயிற்று. துணைவியாரிடம் இருபதாயிரம் என்று சொன்னோம்.

இறுதியாக வந்தது பேனியர் பெட்டி. ஒலிப்பதிவுக் கருவி, குறிப்பேடுகள், மாற்றுடை ஆகியவற்றை வைக்க இருபுறமும் இரண்டு பெட்டிகள். அவற்றைத் தாங்க வண்டியின் பின்பக்கம் வளைந்த குழாய்ச் சட்டம். நகரில் பெயர்பெற்ற கடையொன்றில் ஓர் இளைஞர் வேலையைத் தொடங்கினார். இடப்பக்கம் சட்டம் பூட்ட இடமில்லை. அங்கே பின்சக்கரத்தை மறைத்தபடி சாரி கார்டு இருந்தது. பக்கவாட்டில் அமரும் பெண்கள் காலை வைக்கும் சிறு தகடும் அதனோடு சேர்ந்திருந்தது.

"சார், இத எடுத்திருவோம். இத மாட்டி வச்சா அட்வெஞ்சர் வண்டி மாதிரியா இருக்கு? பால் வண்டி மாதிரில்லா இருக்கு!" என்றார் அவர்.

நாம் சிரித்தோம். இரண்டு போல்ட்டுகள் கழன்றன. அந்தக் கம்பியைச் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து மாடிப்படியின் அடியில் போட்டோம். அதைப் பற்றி ஒரு கணமும் சிந்திக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வண்டியின் ஒவ்வோர் ஆணிக்கும் நான்கு பேரிடம் கருத்துக் கேட்ட நாம், அது எதற்காக அங்கே இருந்தது என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

2023 ஜூலையில் ஒரு ஞாயிறு. கடையநல்லூரில் துணைவியாரின் தாயாருக்கு உடல்நலமில்லை. பாளையங்கோட்டையிலிருந்து ஆலங்குளம் வழியாகப் புறப்பட்டோம். அவர் எப்போதும் போல் ஒருபுறமாக அமர்ந்தார். பெட்டி இருந்தால் காலைத் தொங்கவிட முடியாது என்று இடப்பக்கப் பெட்டியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டோம். வெறும் குழாய் வளையம் மட்டும் இருந்தது. கால் வைக்கத் தகடு இல்லாததால் அந்த வளையத்தின் மீதே பாதத்தை ஊன்றிக்கொண்டார். தலைக்கவசம் இருவரும் அணிந்திருந்தோம்.

ஆடிக் காற்று அந்தப் பக்கத்தில் எப்படி வீசும் என்பதை அங்குள்ள காற்றாலைகளே சொல்லும். செங்கோட்டைக் கணவாயில் புகுந்து வரும் மேல்காற்று எதிரே வருபவரை மார்பில் கைவைத்துத் தள்ளும். ஆலங்குளத்தை நெருங்குகையில் சாலைப்பணி நடந்துகொண்டிருந்தது. இருபது கிலோமீட்டர் வேகத்திற்குக் குறைத்தோம். அந்த வேகக் குறைவுக்கு இறைவனுக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும். பின்னாலிருந்து ஒரு சொல் கேட்டது. சொல்லன்று, பாதிச் சொல். வண்டியை யாரோ கயிறு கட்டி இழுப்பது போலிருந்தது. துணைவியாரின் புர்காவின் ஓரம் காற்றில் பின்னோக்கிப் பறந்து, அந்த வளையத்தின் நடுவே புகுந்து, ஆரக்கம்பிகளுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் இடையே சுற்றிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் தரையில் இருந்தார். சக்கரம் சிக்கி வண்டியும் இடப்பக்கம் சாய்ந்தது.

சாலையோரத்தில் பிச்சிப்பூ விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் நார் கிழிக்கும் கத்தியோடு ஓடிவந்தார். துணி கழுத்தருகே இறுகியிருந்தது. நமது கை நடுங்கி எதையும் செய்யத் தெரியாமல் நின்றபோது, அவர் இரண்டே வீச்சில் துணியை அறுத்தார். துணைவியாரைத் தூக்கி உட்கார்த்தித் தண்ணீர் கொடுத்தார். பின்னர் வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு நம்மிடம் கேட்டார்:

"எய்யா, சக்கரத்துப் பக்கம் தடுப்பு ஒண்ணு கெடக்குமே, அத எங்க போட்ட?"

எம்.ஃபில். பட்டமும் இருபதாண்டு வகுப்பறைப் பழக்கமும் உடைய நமக்கு அந்த வினாவுக்கு விடை கூற நா எழவில்லை.

துணைவியாரின் இடக்கை மணிக்கட்டு வீங்கிக்கொண்டே வந்தது. ஆட்டோவில் ஏற்றியபோது அவர் முதன்முதலில் கேட்டது, "வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே? தம்பி வண்டியில்லா!" என்பதே. ஆகவில்லை. கிராஷ் கார்டு தன் கடமையைக் குறைவறச் செய்திருந்தது. ஹேண்ட் கார்டில் ஒரு சிறு கீறல். அதனுள்ளே லீவர் பத்திரமாக இருந்தது. முப்பத்தெட்டாயிரம் ரூபாய்க்குப் பூட்டிய ஒவ்வொன்றும் வண்டியை அன்று காப்பாற்றியது.

மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. தலைக்கவசத்தின் பின்புறம் தரையில் உராய்ந்த தழும்பு இருந்தது, தலைக்கு ஒன்றுமில்லை. ஐ.எஸ். 4151 முத்திரை உள்ளதைத்தான் வாங்குவது என்று நாம் பிடிவாதமாக இருந்தது ஒன்றே அன்று நாம் செய்த நன்மை. 2021 ஜூன் முதல் அம்முத்திரை இல்லாத தலைக்கவசங்களை விற்பதற்கே தடை உண்டு. ஆயினும் சாலையோரக் கடைகளில் முந்நூறு ரூபாய்ச் சட்டிகள் கிடைக்கத்தான் செய்கின்றன. அடிபட்ட கவசத்தை மறுநாளே உடைத்து எறிந்தோம். உள்ளிருக்கும் தெர்மாகோல் போன்ற அடுக்கு ஒருமுறை நசுங்கித்தான் அடியை வாங்கும். நசுங்கியது மீண்டும் எழாது. வெளியே பார்க்கப் புதிது போலிருக்கும் அதை மீண்டும் அணிவதில் பொருளில்லை.

அந்த ஆறு வாரமும் அடுப்படி நம்மிடமும் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த மகளிடமும் இருந்தது. இரவில் பாத்திரம் கழுவி முடித்து, மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 என்னும் நூலை நூலகத்திலிருந்து எடுத்துவந்து படித்தோம். அதன் 123ஆம் விதி மிகச் சுருக்கமானது. மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்பவர் பற்றிக்கொள்ள நிலையான கைப்பிடி வேண்டும்; கால் வைக்க இடம் வேண்டும்; அவரது ஆடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாத பகுதியை மறைக்கும் காப்பு வேண்டும். வண்டியை ஓட்டுபவன் தன் வண்டிக்கும் தன் முழங்காலுக்கும் வாங்கிப் பூட்டும் எதுவும் அவ்விதியில் இல்லை. அந்த ஒரு விதி முழுவதும் பின்னால் அமர்பவருக்காகவே எழுதப்பட்டது. சேலை, தாவணி, துப்பட்டா, புர்கா என்று காற்றில் பறக்கும் ஆடை உடுத்தும் நாட்டின் தேவை அறிந்து எழுதிய விதி அது. அதைக் கழற்றுவது சட்டப்படியும் குற்றம் என்பதை அப்போதுதான் அறிந்தோம். அறியாமல் செய்தோம் என்பது எவ்வளவு சிறிய ஆறுதல்!

அந்தப் பருவத்தில் இளங்கலை வகுப்புக்கு அகநானூறு பாடம். 4ஆம் பாடலுக்கு வந்தோம். கார்காலத்தில் தலைவியை நோக்கி விரையும் தலைவன், பூக்களில் துணையோடு தேனுண்ணும் வண்டுகள் அஞ்சிக் கலையுமே என்று, தன் தேர்மணியின் நாவைக் கட்டி ஒலியடக்கி வருகிறான். ஆண்டுதோறும் இவ்விடத்தில் அரைமணி நேரம் நயம் பாராட்டுவது நம் வழக்கம். அன்று பொருளை மட்டும் சொல்லிவிட்டு, நேரம் முடியுமுன்னரே வகுப்பை விட்டு வெளியே வந்தோம். சாளரத்தின் வழியே வண்டி நிறுத்துமிடம் தெரிந்தது. நாற்பது ஐம்பது வண்டிகளில் சாரி கார்டு உள்ளவற்றை எண்ணினோம். ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டது. அவற்றுள் ஒன்று உண்மையிலேயே பால் வண்டி.

மாவுக்கட்டு பிரித்த வாரம், மாடிப்படியின் அடியிலிருந்து சாக்கை எடுத்தோம். கம்பியில் துரு ஏறியிருந்தது. தேய்த்து வண்ணம் பூசினோம். இந்த முறை அந்தப் பெயர்பெற்ற கடைக்குப் போகவில்லை. ஷாக் அப்சார்பரை இறுக்கக் கற்றுத்தந்த முதிய மெக்கானிக்கிடம் சென்றோம். இடப்பக்கச் சட்டத்தையும் சாரி கார்டையும் சேர்த்துப் பூட்ட வழியுண்டா என்று அவர் வெகுநேரம் பார்த்தார். "ரெண்டும் சேராது சார். பெட்டி வேணுமா, வீட்டுக்காரம்மா வேணுமான்னு சொல்லுங்க" என்றார். இடப்பக்கச் சட்டம் கழன்றது. வலப்பக்கம் மட்டும் ஒற்றைப் பெட்டியோடு நம் வண்டி இன்றும் ஓடுகிறது. ஒரு தோளில் சுமை ஏற்றிய கழுதை போலிருக்கிறது என்று மாணவர்கள் நம் காதுபடவே சொல்கின்றனர். உவமை பொருத்தமாகத்தான் இருக்கிறது. பாரம் ஒருபுறம் சாயாதிருக்கக் கனமான நூல்களைப் பெட்டியில் வைப்பதில்லை.

இளவலுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னோம். வெகுநேரம் பேசாதிருந்துவிட்டு, "நானே கழட்டிப் போடணும்னு நெனச்சிருந்தேன் மச்சான்" என்றார்.

துணைவியார் மீண்டும் அவ்வண்டியில் ஏற நான்கு மாதமாயிற்று. இப்போதெல்லாம் புர்காவின் ஓரத்தைச் சேர்த்து முழங்காலுக்கு அடியில் ஓர் ஊசி குத்திக்கொள்கிறார். ஏறுவதற்கு முன் குனிந்து, இடக்கையால் அந்தக் கம்பியைப் பிடித்து இருமுறை அசைத்துப் பார்க்கிறார். அது அசையாதிருந்தால்தான் தகட்டில் காலை வைக்கிறார். நாம் அதுவரை எந்திரத்தை இயக்காமல் காத்திருக்கிறோம்.